காலையில் காது கேட்காத நந்தி

1. பத்தொன்பது சாமான்

சில்லு நான்கு, மோட்டர் இரண்டு, பற்றரி ஒன்று, வயர் பதினொன்று, ரிசீவர் ஒன்று. அந்த வண்டியில் இருந்தவை இவ்வளவுதான். கூட்டினால் பழுதாகக்கூடிய சாமான் பத்தொன்பது. பதினெட்டு ஒழுங்காக வேலை செய்தன. பத்தொன்பதாவதான ரிசீவர், காலையில் செவிடாக இருந்து பின்னேரம் காது கேட்கத் தொடங்கும். நாள் முழுக்கச் செவிடான ரிசீவரை நான் பார்த்திருக்கிறேன். நாள் முழுக்கக் கேட்பதையும் பார்த்திருக்கிறேன். முறை வைத்துச் செவிடாவதை அங்கேதான் முதன்முதலில் கண்டேன்.

திருகோணமலையில், துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் நான் இலத்திரனியல் ஆய்வுகூடப் போதனாசிரியராக இருந்தேன். சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். சண்டை நின்றுவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. சோதனைச் சாவடிகள் பத்திரிகை வாசிப்பதில்லை. வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போவதற்குள் மூன்று சாவடி. என் சாப்பாட்டுப் பெட்டியை மூன்று பேர் பார்த்த பிறகுதான் நான் அதைச் சாப்பிடலாம்.

கடைசி வருட மாணவர் மூவர் சேர்ந்து ஒரு தூர இயக்க வண்டி செய்தார்கள். வள்ளம் கரை ஒதுங்கியதும் மீன்பெட்டியை மணலில் இழுத்துக்கொண்டு வீதிவரை வரவேண்டும். அதற்கும் ஆளுக்கும் நடுவே வயர் கிடையாது, கையிலுள்ள ரிமோட் சொன்னபடி அது நடக்க வேண்டும். யோசனை குகனுடையது. திரியாய் என்ற கிராமத்துக்காரன். உலகத்தில் தனக்குத் தெரியாத விடயம் ஒன்று இருப்பதாக அவன் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஈயம் பற்றவைப்பது சுகந்தியின் வேலை. அன்புவழிபுரத்துப் பிள்ளை, அதிகம் பேசமாட்டாள், பேசினால் எதிரில் நிற்பவர் கொஞ்ச நேரம் பேசமாட்டார். ரிமோட் பிடிப்பவன் நிஸார். கிண்ணியாவிலிருந்து தினமும் படகுப் பாதையில் கடல் கடந்து வருவான். பெருவிரல் மட்டும் அசையும்படி அவனைப்போல் அசையாமல் நிற்க வேறு யாராலும் முடியாது.

குகனுக்கு இது கடைசி வருடத்தில் மூன்றாவது முறை. முதல் முறை அவனுடைய ஊரே இடம்பெயர்ந்தது. இரண்டாம் முறை வீதி பூட்டப்பட்டுச் சோதனைக்கு வரமுடியவில்லை. கல்லூரி விதிப்படி நான்காம் முறை என்று ஒன்று இல்லை. இந்தச் செயற்றிட்டம் தேறினால் டிப்ளோமா. தேறாவிட்டால் அவ்வளவு வருடப் படிப்பும் ஒன்றுமில்லை. அதையும் அவன் பகிடியாகத்தான் சொல்வான்.

"இந்த முறையும் பிழைச்சுதெண்டா, சேர், மோட்டரைக் கழட்டிப்போட்டு என்னைப் பூட்டுங்கோ. மீன்பெட்டியை நானே இழுக்கிறன்."

எங்கள் துறைத்தலைவர் தர்மகுலசிங்கம் சேர். நல்ல பொறியியலாளர், நல்ல பக்தர், மிக நல்ல தொண்டை. அவர் ஆய்வுகூடத்தில் கதைத்தால் விறாந்தையின் மறுமுனையில் இருக்கும் எழுதுவினைஞர் கதிரையில் நிமிர்ந்து உட்காருவார். இழுக்கிற வண்டி என்பதால் அதற்கு நந்தி என்று பெயர் வைத்தவர் அவர்தான். அவர் முன்னிலையில் எல்லோரும் நந்தி என்றோம். அவர் போனதும் மாணவர்கள் கழுதை என்றார்கள்.

முதல் கிழமை கழுதை ஒழுங்காக ஓடியது. அதன் பிறகுதான் காலைச் செவிடு பிடித்தது.

2. நூற்றுக்கு இருபத்திரண்டு

பழுது தேடும்போது 'சிலவேளை வேலை செய்யுது, சிலவேளை செய்யேல்ல' என்று என்னிடம் யாராவது சொன்னால் எனக்குத் தலையிடிக்கும். சிலவேளை என்றால் எத்தனை வேளை? ஆகவே எண்ணினோம். ஆய்வுகூடத்தின் ஒரு மூலையில் வண்டி, மறு மூலையில் ரிமோட்டோடு நிஸார். கட்டளை போய்ச் சேர்ந்தால் ரிசீவரில் ஒரு பச்சை வெளிச்சம் மின்னும். நிஸார் நூறு தரம் அமத்துவான். நான் மின்னலை எண்ணுவேன். சுகந்தி கரும்பலகையில் கோடு போடுவாள். குகன் கருத்துச் சொல்வான்.

காலையில் நூற்றுக்கு இருபத்திரண்டு. மத்தியானம் அறுபத்தைந்து. பின்னேரம் தொண்ணூற்றேழு. அடுத்த நாள் காலை மறுபடியும் இருபதுக்குக் கிட்ட.

பற்றரியை மாற்றினோம். அன்டெனா வயரை மாற்றினோம். மோட்டர் எழுப்பும் இரைச்சலோ என்று இரண்டு கப்பாசிற்றர் போட்டோம். ரிமோட்டின் ஐ.சி.யையும் மாற்றினோம். நான்கு மருத்துவம், நோயாளி அப்படியே.

ரிசீவர் என்பது கொழும்பில் வாங்கிய பழைய கார் அலாரம் ஒன்றிலிருந்து கழற்றிய சின்ன சேர்க்கிட் போர்ட். தீப்பெட்டியின் முகம் அளவு. அதை வண்டியின் முன்பக்கத்தில் நெட்டுக்குத்தாக நிறுத்தியிருந்தோம். அதன் நட்டநடுவில் செப்புக்கம்பிச் சுருள் ஒன்று, கொயில். அந்தக் கொயிலை மூடிக்கொண்டு மஞ்சளாக ஏதோ ஒன்று இருந்தது. சுகந்தி அதைச் சுரண்டக் கத்தியை எடுத்தாள்.

குகன் பாய்ந்து பிடித்தான். "தொடாத! அது கொம்பனி மெழுகு. கொயில் அசையாம இருக்க ஊத்துறவங்கள். சுரண்டினா டியூனிங் போயிடும்."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்கட வீட்டு ரேடியோவைக் கழட்டினனான். அதுக்குள்ளயும் இருந்தது."

"அந்த ரேடியோ இப்ப பாடுதோ?"

குகன் கத்தியை விடவில்லை. அவன் சொன்னது புத்தகப்படி சரிதான். கொயிலுக்கு மெழுகு ஊற்றுவது உண்டு. கத்தி மேசைக்குத் திரும்பியது.

பிறகு பௌர்ணமிப் போயா விடுமுறை ஒன்று வந்தது. காவலாளியிடம் சொல்லி ஆய்வுகூடத்தைத் திறந்து, வெள்ளென இருந்தே எண்ணினோம். காலையில் தொண்ணூற்றாறு. மத்தியானம் தொண்ணூற்றெட்டு. குகன் மேசையில் அடித்தான்.

"பாத்தீங்களே சேர்! துறைமுகத்து நேவிக்காரன்தான் காலையில சிக்னலை ஜாம் பண்ணுறான். இண்டைக்குப் போயா. அவங்களுக்கு லீவு!"

"ஜாம் பண்ணுற மெசினுக்கும் லீவோ?" என்றான் நிஸார்.

"மெசினை ஆர் போடுறது? ஆள்தானே!"

இதை மறுக்க எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. எங்கள் ஊரில் தண்ணீர் வராவிட்டாலும், மீன் படாவிட்டாலும், தொலைபேசி கரகரத்தாலும் நேவியைச் சொல்வது வழக்கம். பாதி வேளை அது உண்மையாகவும் இருக்கும். அடுத்த நாள் தர்மகுலசிங்கம் சேர் இந்தக் கதையைக் கேட்டார். கேட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து, என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். யாரோ ஒருவர் போகவேண்டும்; அது அவர் இல்லை.

"நீங்கள்தான் பொறுமையாக் கதைக்கிற ஆள். முகாமுக்குப் போய் மரியாதையாக் கேட்டுக்கொண்டு வாங்கோ. சண்டை பிடிக்கிற மாதிரி இல்லாம."

என் எடை அப்போது நாற்பத்தொன்பது கிலோ. நான் கடற்படையோடு சண்டை பிடிப்பேன் என்று அவர் பயந்தார்.

3. முறைப்பாடு செய்யப் போய்

முகாம் வாசலில் அடையாள அட்டையைக் கொடுத்தேன். உள்வாசலில் கல்லூரி அட்டையைக் கொடுத்தேன். மூன்றாவதாகக் கேட்டால் கொடுக்க என்னிடம் நூலக அட்டை மட்டும் இருந்தது. நல்லவேளை, யாரும் கேட்கவில்லை. ஒரு லெப்டினன்ட் மேசைக்குப் பின்னால் இருந்தார். இளம் ஆள், நேர்த்தியான சீருடை, ஊருக்கு வந்து பழகிய தமிழ். வழியெல்லாம் நான் மனதில் எழுதிக்கொண்டு போன வசனம் ஏழு சொல். முதற் சொல்லுக்கு வாயைத் திறந்தேன்.

"நல்லம் நீங்க வந்தது," என்றார் அவர். "நானே உங்கட காலேஜுக்கு ஆள் அனுப்ப இருந்தது. காலையில எங்கட ரேடியோ செட்ல ஒரு இரைச்சல் வருது. நீங்களா?"

என்னிடம் இருந்த ஏழு சொல்லும் போய்விட்டன.

"நாங்கள் இல்லை சேர். எங்களிட்ட ஒரு சின்ன வண்டி மட்டும்தான் இருக்கு."

"என்ன வண்டி?"

"ரிமோட் வண்டி."

அந்தச் சொல்லை அந்தக் காலத்தில், அந்தக் கட்டிடத்துக்குள் சொல்லியிருக்கக் கூடாது என்று, சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். எத்தனை சில்லு? எவ்வளவு பாரம் தூக்கும்? எவ்வளவு தூரத்திலிருந்து ஓட்டலாம்? ஆர் ஓட்டுறது? இருபத்துமூன்று கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன், எண்ணிக்கையோடு. நாங்கள் முன்பிருந்த அதிகாரியிடம் தொலைபேசியில் அனுமதி வாங்கியதையும் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

"அவர் மாறிப் போனது. நான் வந்து பாக்க வேணும். புதன்கிழமை காலையில வாறன். சொன்னபடி ஓடினா, நான் கையைத் தூக்கின இடத்தில நிண்டா, எழுத்தில அனுமதி தாறன். நிக்காட்டி, வண்டியும் ரிமோட்டும் என்னோட வரும். ரோட்டில சொல்லுக் கேக்காத ரிமோட் வண்டி ஓட விட ஏலாதுதானே?"

நியாயமான பேச்சு. அதில் எனக்குப் பிடிக்காதது ஒரு சொல்தான்.

"பின்னேரம் வரலாமே, சேர்? வெயிலும் தணிஞ்சிருக்கும்."

"பின்னேரம் எனக்கு வேலை."

நேவி எங்களைக் குழப்புகிறதா என்று கேட்கப் போனவன், பரிசோதனை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். அதுவும் காலையில். தர்மகுலசிங்கம் சேர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. குகனைப் பிடித்து ஏசினார்.

"வீணாப்போனவனே! ஜாம் பண்ணுறான், ஜாம் பண்ணுறான் எண்டு உன்ர வாயாலதான் வந்தது! வண்டியைக் கொண்டு போனா நீ எங்க போவாய்? உனக்கு நாலாம் முறை ஆர் தருவினம், நானோ?"

குகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவர் போனதும், "மாடாப் பூட்டுறதுக்கு இப்பவே கழுத்தைப் பழக்குவம்," என்றான். யாரும் சிரிக்கவில்லை.

4. கலியாண வீட்டு மணம்

திங்கட்கிழமை சுகந்தி பிடிவாதமாகச் சொன்னாள்: "நேவியுமில்ல ஒண்டுமில்ல. கொயிலின்ர காலில ஈயம் சரியாப் பிடிக்கேல்ல. காலையில குளிருக்குச் சுருங்குது, பிறகு சூட்டுக்குப் பிடிக்குது. நான் திரும்பப் பத்தவைக்கிறன்."

அவள் சொன்னதில் சாத்தியம் இருந்தது. பற்றவைக்கும் இரும்பைச் சூடாக்கி, கொயிலின் காலில் வைத்தாள். ஈயம் உருகும்போது வழக்கமாகப் பிசின் புகைந்து கண் எரியும். அன்று எரியவில்லை. நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"என்ன மணம் இது?" என்றான் நிஸார். "கலியாண வீடு மாதிரி இரிக்கி."

"கோயில்," என்றான் குகன்.

சுகந்தி இரும்பை எடுத்தாள். நான் 'மெழுகில்' நகத்தால் ஒரு துண்டைக் கிள்ளி, ஒரு துளி தண்ணீர் விட்டு உள்ளங்கையில் உரசினேன். மெழுகு தண்ணீரில் கரையாது. இது கரைந்தது. முகர்ந்து பார்க்கவே தேவையில்லை. சந்தனம்.

குகன் வாழ்க்கையில் முதன்முறையாக, "எனக்குத் தெரியேல்ல சேர்," என்றான்.

இளையவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அந்த மலிவு ரிசீவரில் கொயில் மூன்றரைச் சுற்று. சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவேயுள்ள இடைவெளியைப் பொறுத்துத்தான் அது எந்த அலைக்குக் காது கொடுக்கும் என்பது அமைகிறது. அந்த இடைவெளியில் ஈரமாக எதை அப்பினாலும் ரிசீவர் வேறு அலைக்குப் போய்விடும். ரிமோட் ஒரு பக்கம் நின்று கூப்பிட, ரிசீவர் வேறொரு பக்கம் திரும்பிக் கேட்டுக்கொண்டிருக்கும். ஈரம் காயக் காய அது மெல்ல மெல்லத் திரும்பி வரும். பின்னேரம் சந்தனம் காய்ந்துவிடும். அடுத்த நாள் காலை புதிதாக ஒரு அப்பு. ஒவ்வொரு நாளும் ஒரு அப்பு என்றால் அந்த மெழுகு கொழுத்துக்கொண்டே வந்திருக்கிறது. மின்னலை எல்லாம் எண்ணிய நாங்கள் அதை ஒருநாளும் அளக்கவில்லை.

ஸ்பிரிட்டும் பழைய பல் துலக்கியும் கொண்டு சுகந்தி கொயிலைத் துடைத்தாள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. கோயிலுக்கு ஓடிப்போய்க் குகன் கொஞ்சம் சந்தனம் வாங்கிவந்து, சுட்டுவிரலால் ஒரு பொட்டு வைத்தான். பத்தொன்பது. மறுபடியும் துடைத்தோம். தொண்ணூற்றேழு. இதற்கு மேல் நேவியைச் சந்தேகிக்க இடமில்லை.

மிச்சம் இருந்தது ஒரு கேள்வி. வைப்பது யார்?

"நான் இல்ல," என்றான் நிஸார் முதலாவதாக. அப்போதுதான் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது.

5. யன்னலுக்கு வெளியே இரண்டு பேர்

ஆய்வுகூடத்துக்குத் திறப்பு மூன்று. ஒன்று என்னிடம், ஒன்று காவலாளியிடம், ஒன்று துறைத்தலைவரிடம். செவ்வாய் காலை நானும் குகனும் வழக்கத்துக்கு முன்பே வந்து, பின்பக்கத்து யன்னலுக்குக் கீழே குந்தியிருந்தோம். என் வயதுக்கும் உத்தியோகத்துக்கும் பொருந்தாத இருப்பு. முழங்கால் நொந்தது. இரண்டு தரம் எழும்பிப் போகலாமென்று நினைத்தேன்.

தர்மகுலசிங்கம் சேர் வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். கோயிலிலிருந்து நேரே வந்திருக்கிறார். கையில் சின்ன வாழையிலைத் துண்டு. வண்டியைச் சுற்றிப் பார்த்தார். மாட்டுக்குப் பொட்டு வைப்பதென்றால் நெற்றியில் வைக்கவேண்டும். அந்த வண்டியில் நெற்றிபோல நிமிர்ந்து நின்றது ஒன்றே ஒன்றுதான்: ரிசீவர் போர்ட். அதன் நட்டநடுவில், அளவெடுத்ததுபோல, மோதிரவிரலால் வைத்தார்.

பிறகு கோயிலில் நந்தியிடம் செய்வதுபோல, குனிந்து, அன்டெனா வயருக்குப் பக்கத்தில் கையைக் குவித்து வைத்து, அதன் காதில் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அவருடைய மெதுவு யன்னலுக்கு வெளியே தெளிவாகக் கேட்டது.

"நந்தி, நாளைக்கு மானத்தை வாங்கிப்போடாத அப்பன். எனக்கு ஒண்டும் வேண்டாம். உந்தத் திரியாய்ப் பொடியனுக்கு இதுதான் கடைசி. வாய்க்காரன்தான். ஆனா நல்ல பொடியன். அவன் கரையேறினாப் போதும்."

இலையை மடித்து எடுத்துக்கொண்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார்.

நான் குகனைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அரைமணித்தியாலத்துக்குப் பிறகு அதே மனிதர் எல்லோருக்கும் முன்னால் அவனை, "வந்திட்டாரோ விஞ்ஞானி!" என்று வரவேற்றார். குகன், "ஓம் சேர்," என்று மட்டும் சொன்னான். அவருக்கே சந்தேகம் வந்து, "சுகமில்லையோ?" என்று கேட்டார்.

6. நெற்றி

"போய்ச் சொல்லுங்கோ சேர்," என்றாள் சுகந்தி என்னிடம். "சந்தனத்தாலதான் எண்டு."

"நானோ? அவர்தானே எனக்கு லீவு தாற ஆள்."

"நான் சொன்னா வேற மாதிரிப் போயிடும்," என்றான் நிஸார். அவனை யாரும் வற்புறுத்தவில்லை.

"ஒருத்தரும் சொல்ல வேண்டாம்," என்றான் குகன். "பொட்டு இருக்கட்டும். இடத்தை மாத்துவம்."

ஐஸ்கிறீம் பெட்டியொன்றின் பிளாஸ்டிக் மூடியை நிஸார் வெட்டினான். ரிசீவரை மறுபடி துடைத்து, அதற்கு இரண்டு விரல் முன்னால் மூடியை நிறுத்தினோம். சுகந்தி அதில் இரண்டு கண்ணும், இரண்டு கொம்பும், நடுவில் அகலமான வெற்று நெற்றியும் வரைந்தாள். கண் கொஞ்சம் மாறுகண். மூடியில் சந்தனத்தைத் தாராளமாக அப்பி எண்ணினோம். தொண்ணூற்றேழு. கழுதைக்கு அன்றுதான் முகம் கிடைத்தது.

பின்னேரம் துறைத்தலைவர் வந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"மணல் தெறிக்காம இருக்க, சேர்," என்றேன்.

"நல்லா இருக்கு," என்றார். தொண்டை கொஞ்சம் இறங்கியிருந்தது.

7. புதன் காலை

லெப்டினன்ட் இரண்டு கடற்படையினரோடு வந்தார். கல்லூரி முற்றத்தில் கொடிக்கம்பத்தடியில் வண்டி நின்றது. திருகோணமலை வீதிகளில் திரியும் மான்கள் இரண்டு வழக்கம்போல் வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்தன. நிபந்தனை ஒன்றுதான்: கொடிக்கம்பத்திலிருந்து வாசல்வரை போய்த் திரும்பி வரவேண்டும், நடுவில் அவர் கையைத் தூக்கும்போதெல்லாம் நிற்கவேண்டும். ஒருதரம் நிற்காவிட்டாலும் வண்டி அவர்களுடைய ஜீப்பில் ஏறும்.

தர்மகுலசிங்கம் சேர் பட்டுச் சால்வையோடு வந்தார். கையில் வாழையிலை. இன்று துண்டு இல்லை, அரை இலை. அதிகாரியின் முன்னாலேயே, வெட்கப்படாமல், நந்தியின் புதிய நெற்றியில் பெரிய பொட்டாக வைத்தார். நாங்கள் நால்வரும் மூச்சு விட்டோம். ஆனால் இலையில் இன்னும் எவ்வளவோ மிச்சம் இருந்தது.

"கட்டளை சொல்லுறதுக்கும் ஒண்டு வைப்பம்," என்று சொல்லிக்கொண்டு அவர் நிஸாரை நோக்கி நடந்தார்.

ரிமோட் ஒரு சவர்க்காரப் பெட்டி. அதன் மூடியைத் திறந்து வைத்திருந்தோம். உள்ளே போர்ட், போர்ட்டின் நடுவில் இன்னொரு கொயில். அதற்கு நெற்றி செய்ய எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

நிஸார் ஒரு அடி பின்வாங்கினான். இரண்டாம் அடி வைத்தால் அதிகாரி கவனிப்பார். துறைத்தலைவரின் மோதிரவிரல் சந்தனத்தில் தோய்ந்து மேலே வந்தது.

சுகந்தி குறுக்கே போய் நின்றாள். "சேர், எனக்கு வைக்கேல்ல!"

அவர் திகைத்தார். பிறகு மகிழ்ந்தார். அவளுக்கு வைத்தார்.

"எனக்கும் சேர்," என்று குகன் நெற்றியை நீட்டினான். "கொஞ்சம் பெரிசா. கழுத்திலயும் பூசுங்கோ. கையிலயும்."

"இப்பவாவது பக்தி வந்துதே உமக்கு!" என்று அவர் அள்ளிப் பூசினார். அடுத்து நான் போய் நின்றேன். எனக்குச் சந்தனம் ஒத்துக்கொள்ளாது, தடித்துவிடும். தடிக்கட்டும் என்று நின்றேன். அவர் பூசும்போது கண்ணைத் தாழ்த்தி இலையைப் பார்த்தேன். இன்னும் ஒரு பொட்டுக்கு இருந்தது. ஒரு பொட்டு போதும் எங்களைக் கெடுக்க. காவலாளி வாசலில். எழுதுவினைஞர் மாடியில். எங்கள் பக்கம் நெற்றி எதுவும் மிச்சமில்லை.

லெப்டினன்ட் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லூரியின் முறை இதுதான் என்று நினைத்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தர்மகுலசிங்கம் சேருக்கு முன்னால் வந்து தலையைக் குனிந்தார்.

"எனக்கும்."

துறைத்தலைவர் இலையை வழித்து எடுத்து அவருக்கு வைத்தார். பிறகு நிஸாரைப் பார்த்து மிகவும் கவலைப்பட்டார். "தம்பி, உம்மட ரிமோட்டுக்கு இல்லாமப் போச்சே."

"பரவாயில்ல சேர்," என்றான் நிஸார். "நீங்க எங்களுக்குத் துஆக் கேட்டாப் போதும்."

வண்டி புறப்பட்டது. பத்து அடி போனதும் லெப்டினன்ட் கையைத் தூக்கினார். நின்றது. மறுபடியும் போனது. தூக்கினார். நின்றது. வாசலில் திரும்பி வரும்போது ஒரு மான், அதற்கு என்ன அவசரமோ, வேலியை விட்டு முற்றத்துக்குக் குறுக்கே வந்து, மாறுகண் போட்ட அந்த முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டது. லெப்டினன்டின் கை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. நிஸாரின் பெருவிரல் அசைந்தது. மானுக்கு ஒரு முழம் முன்னால் நந்தி நின்றது. மான் போகும்வரை நின்றது. பிறகு கொடிக்கம்பத்தடிக்கு வந்து சேர்ந்தது.

"சொல்லுக் கேக்குது," என்றார் லெப்டினன்ட். ஜீப்பின் முன்மூடியில் வைத்தே எழுதிக் கொடுத்தார். நெற்றிப் பொட்டைத் துடைக்காமலே போனார். முகாம் வாசலில் அவரை என்ன கேட்டார்களோ தெரியாது.

அந்த வருடம் குகன் தேறினான். கடைசி மதிப்பீட்டில் தர்மகுலசிங்கம் சேர் அவனிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று.

"காலையில சிக்னல் விழுந்துதே. என்ன காரணம் எண்டு கண்டுபிடிச்சீரோ?"

நான் பக்கத்தில் இருந்தேன். மேசைக்கு அடியில் என் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஈரம், சேர்," என்றான் குகன். "கொயிலில ஈரம் பட்டது."

"நான் அப்பவே நினைச்சனான். கடல் காத்து!" என்றார் அவர். "பயந்துகொண்டுதான் இருந்தனான். அதாலதானே நான் ஒவ்வொரு நாளும்..." என்று தொடங்கி, எங்கள் இருவரையும் பார்த்து, நிறுத்திவிட்டார். "சரி, போம். புள்ளி தாறன்."

"நன்றி சேர்," என்றான் குகன். "ஒவ்வொரு நாளைக்கும்."

அவர் அதைக் கேட்காததுபோல் கோப்பைத் திருப்பினார்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ கம்பியில்லாத் தொடர்புப் பழுதுகளைப் பார்த்துவிட்டேன். பற்றரி, அன்டெனா, இரைச்சல், அலைவரிசை என்று வரிசையாகத் தேடும் முறை நல்ல முறைதான், அதை விடாதீர்கள். ஆனால் அந்த வரிசையில் முதலாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கருவியைக் கெடுக்க நினைப்பவன் யார் என்று துறைமுகப் பக்கம் பார்ப்பதற்கு முன், அது நன்றாக ஓடவேண்டும் என்று உங்களைவிட அதிகம் தவிப்பவர் யார், அவர் அதைத் தொடுகிறாரா என்று பாருங்கள். தொடுகிறார் என்றால் அவரைத் தடுக்கப் போகாதீர்கள். ரிசீவரை மூடி வையுங்கள். ரிமோட்டையும் மூடி வையுங்கள். இரண்டு மூடியிலும் ஒரு பொட்டு வைக்க இடம் விடுங்கள்.